உப்பும் எண்ணெயும் தூவிய சாக்லெட்: பார்சிலோனாவின் மாலைச் சிற்றுண்டி



சாக்லெட் என்றதும் இனிப்புதான் நம் நினைவுக்கு வரும். பிள்ளைகளின் பிறந்தநாள், தேர்வில் நல்ல மதிப்பெண், ஊரிலிருந்து வரும் விருந்தினரின் கைப்பை, இவையெல்லாம் அதனோடு சேர்ந்தே நினைவில் நிற்கின்றன. அந்தச் சாக்லெட்டின் மேல் உப்பைத் தூவுவார்கள், எண்ணெயை விடுவார்கள், வாட்டிய ரொட்டியோடு உண்பார்கள் என்று ஒருவர் சொன்னால் நம்மில் பலர் முகம் சுளிப்போம். ஆயினும் ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்துள்ள பார்சிலோனா நகரில் இது பலரும் விரும்பி உண்ணும் பண்டமாகும். குளிர வைத்த கருஞ்சாக்லெட் ஒரு கரண்டி, அதன்மேல் ஆலிவ் எண்ணெய் சில துளிகள், சில உப்புப் பரல்கள், பக்கத்தில் மெல்லிய ரொட்டி வாட்டல் ஒன்று. அந்நகரின் உணவகங்கள் பலவற்றில் இரவு உணவின் முடிவில் இதைக் காணலாம்.

இது சமையல் வல்லுநர் ஒருவர் புதுமைக்காகக் கண்டுபிடித்த பண்டம் அன்று. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் கையில் கொடுத்தனுப்பிய எளிய ரொட்டித் துண்டே இன்று கண்ணாடிக் கிண்ணத்தில் ஏறி அமர்ந்திருக்கிறது. அந்தத் துண்டு கடந்து வந்த வழியைப் பின்பற்றி இந்த மாதம் பார்சிலோனாவைச் சுற்றிப் பார்ப்போம். பிறகு அதை நம் வீட்டிலேயே செய்யும் முறையையும் காண்போம்.

மாலை ஐந்து மணி

ஸ்பெயின் மக்கள் இரவு உணவை மிகவும் தாமதமாக உண்பவர்கள். ஒன்பது மணிக்கு முன் மேசையில் அமரும் குடும்பங்கள் அங்கே குறைவு. பிற்பகல் உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையே நெடிய இடைவெளி இருப்பதால் மாலை ஐந்து மணி அளவில் ஒரு சிற்றுண்டி தேவைப்படுகிறது. அதை ஸ்பானிய மொழியில் மெரியெண்டா என்றும், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட காத்தலோனியா மாநிலத்தின் மொழியில் பெரெனார் என்றும் அழைப்பர். பிள்ளைகளுக்கு அது ரொட்டியும் சாக்லெட்டும்; பெரியவர்களுக்குக் கோப்பையில் கெட்டியான சூடான சாக்லெட்.

அந்தக் கோப்பையைக் காண வேண்டுமானால் நீங்கள் நகரின் பழைய பகுதிக்குச் செல்ல வேண்டும். லா ரம்ப்ளா என்னும் புகழ்பெற்ற நடைவீதியிலிருந்து சற்று உள்ளே திரும்பினால் பெத்ரிச்சோல் என்ற குறுகிய தெரு வரும். இருபுறமும் பழைய உயர்ந்த வீடுகள். சுவர்களில் தெருவின் கதைகளைக் கூறும் வண்ண ஓட்டுச் சித்திரங்கள். இங்கே 1941ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துல்சினேயா, 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லா பயரேசா என்னும் சாக்லெட் கடைகள் உள்ளன. இத்தகைய கடைகளுக்குக் கிரான்ஜா என்று பெயர். அச்சொல்லுக்குப் பண்ணை என்று பொருள். முற்காலத்தில் இவை பாலும் பாலாடையும் விற்ற பால் கடைகளாக இருந்தமையால் அப்பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே கிடைக்கும் சாக்லெட்டை நாம் அருந்தும் சாக்லெட் பாலோடு ஒப்பிட முடியாது. மாவுச்சத்து சேர்த்துக் காய்ச்சுவதால் அது கூழ் போலக் கெட்டியாக இருக்கும். கரண்டியால் எடுக்கலாம், ரொட்டியால் தொட்டும் உண்ணலாம். மெலிந்த்ரோ எனப்படும் மென்மையான நீள்வடிவக் கேக்குத் துண்டுகளை அதில் தோய்த்து உண்கின்றனர். கடைந்த பாலாடையை மேலே மலைபோலக் குவித்துக் கொடுத்தால் அதற்குச் சுயிஸ் என்று பெயர்.

ரம்ப்ளாவின் மறுபுறம், சூக்லா தெருவில் 1870ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் வியாதேர் என்னும் கிரான்ஜா உள்ளது. பாலும் கொக்கோவும் கலந்து புட்டியில் அடைத்த ககாவோலாட் என்ற பானம் இக்குடும்பத்தாரிடமிருந்து பிறந்ததே. 1931ஆம் ஆண்டு ஹங்கேரி சென்ற ஜோவான் வியாதேரின் மனத்தில் உதித்த எண்ணம், 1933ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. குளிர்ந்த சாக்லெட் பார்சிலோனாவின் பிள்ளைகளுக்கு அன்றாடப் பொருளாக ஆனதில் இப்புட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஈஸ்டர் திங்கட்கிழமை

நகரின் கிழக்குப் பகுதியில், முன்பு புனித அகுஸ்தீன் மடமாக இருந்த பழைய கட்டடத்தில் சாக்லெட் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. இனிப்புப் பண்டம் செய்வோரின் சங்கம் 2000ஆம் ஆண்டு இதைத் திறந்தது. அங்கே கொக்கோவின் வரலாற்றோடு, சாக்லெட்டால் செய்யப்பட்ட கோபுரங்களையும் உருவங்களையும் காணலாம்.

இக்கலைக்கு ஊற்றாக இருப்பது மோனா என்னும் ஈஸ்டர் பலகாரம். காத்தலோனியாவில் ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை விடுமுறை நாள். அன்று ஞானத்தகப்பன் தன் ஞானப்பிள்ளைக்கு மோனாவைப் பரிசாக அளிப்பது வழக்கம். முற்காலத்தில் அது முழு முட்டைகள் பதிக்கப்பட்ட வளையரொட்டியாக இருந்தது. பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை முட்டைகள். பன்னிரண்டு வயதோடு அவ்வழக்கம் நின்றுவிடும். காலப்போக்கில் கோழி முட்டையின் இடத்தைச் சாக்லெட் முட்டை பிடித்தது. பின்னர் கோட்டைகளும் விலங்குகளும் கதை மாந்தர்களும் சாக்லெட்டில் உருவாகத் தொடங்கினர். ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் பலகாரக் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களுக்கு முன் சிறுவர்கள் மூக்கை ஒட்டி நிற்கும் காட்சியை அங்கே காணலாம்.

கப்பலில் வந்த கசப்பு

இத்தனை இனிமைக்கும் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. அதை அறியாமல் பார்சிலோனாவை அறிந்ததாகக் கூற முடியாது.

கொக்கோ மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. மாயா, அஸ்தேக் மக்கள் அதன் கொட்டைகளை அரைத்து, மிளகாய் முதலியன சேர்த்து, கசப்பான பானமாகப் பருகினர். கொட்டைகள் நாணயமாகவும் வழங்கின. 1502ஆம் ஆண்டு தம் நான்காம் பயணத்தில் கொலம்பஸ் ஹோண்டுராஸ் நாட்டை அடுத்த குவானஹா தீவருகே ஒரு பெரிய படகைக் கண்டார். அதிலிருந்த வாதுமை போன்ற கொட்டைகள் கீழே சிந்தியபோது, கண்ணே விழுந்துவிட்டது போல அம்மக்கள் குனிந்து பொறுக்கியதை அவருடைய மகன் பதிவு செய்துள்ளார். அவை கொக்கோ என்பதைக் கொலம்பஸ் உணரவில்லை. 1544ஆம் ஆண்டு டொமினிக்கன் துறவிகள் மாயா தலைவர்கள் சிலரை ஸ்பெயின் இளவரசர் பிலிப்பிடம் அழைத்துச் சென்றனர். அவர்கள் கொண்டு சென்ற காணிக்கைகளில் சாக்லெட்டும் இருந்தது. கரும்புச் சர்க்கரை அதனோடு சேர்ந்தபோதுதான் கசப்பு இனிப்பாக மாறியது.

அமெரிக்க வணிகம் நெடுங்காலம் தென் ஸ்பெயினின் செவில், காதிஸ் துறைமுகங்களின் கையில் இருந்தது. 1765ஆம் ஆண்டிலும் 1778ஆம் ஆண்டிலும் வெளியான அரச ஆணைகளால் பார்சிலோனாவும் நேரடியாகக் கப்பல் அனுப்பும் உரிமையைப் பெற்றது. அதன் பின் கொக்கோவும் சர்க்கரையும் இத்துறைமுகத்தில் வந்திறங்கின. 1797ஆம் ஆண்டு அமத்லேர் குடும்பத்தார் இங்கே சாக்லெட் தொழிலைத் தொடங்கினர். நூறாண்டுகளுக்குப் பின் அவர்கள் எவ்வளவு செல்வந்தராயினர் என்பதைப் பசேச் தே கிராசியா என்னும் அகன்ற வீதியில் நீங்கள் காணலாம். 1898 முதல் 1900 வரை கட்டடக் கலைஞர் புச் இ காதஃபால்க் கட்டிய அமத்லேர் மாளிகை அங்கே நிற்கிறது. அதன் படிக்கட்டு போன்ற முகப்பைக் காணாமல், பக்கத்தில் கௌதி அமைத்த பத்லியோ மாளிகையை மட்டும் படம் எடுத்துச் செல்வோர் பலர்.

ஆனால் கியூபா தீவில் அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கியூபாவில் அடிமை முறை 1886ஆம் ஆண்டில்தான் முற்றிலும் ஒழிந்தது. அங்கே பொருள் ஈட்டித் திரும்பிய செல்வந்தர் பலர் பார்சிலோனாவில் மாளிகைகளையும் ஆலைகளையும் நிறுவினர். அவர்களுள் ஒருவரான அந்தோனியோ லோப்பெஸ் என்பவருக்குத் துறைமுகத்தின் அருகே 1884ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட சிலை, அடிமை வணிகத்தில் அவருக்கு இருந்த தொடர்பின் காரணமாக 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் நகராட்சியால் அகற்றப்பட்டது. பிள்ளைகள் கூடி இசை முழங்க அந்நிகழ்ச்சி பொது விழாவாகவே நடைபெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வேண்டிய கொக்கோவில் பெரும் பகுதி, மேற்கு ஆப்பிரிக்காவை அடுத்த அதன் குடியேற்ற நாடான பெர்னாண்டோ போ தீவிலிருந்து வந்தது. தோட்ட வேலைக்கு லைபீரியாவிலிருந்து ஆட்கள் எப்படிக் கொண்டு செல்லப்பட்டனர் என்பதை 1930ஆம் ஆண்டு நாடுகளின் கூட்டமைப்பு அமைத்த குழு விசாரித்து, அது அடிமை முறையினின்று அதிகம் வேறுபட்டதன்று எனும் நிலையை வெளிப்படுத்தியது. அத்தீவு 1968ஆம் ஆண்டு எக்குவடோரியல் கினி என்னும் விடுதலை நாட்டின் பகுதியானது.

ரயிலில் வந்தவர்களின் ரொட்டி

இனி அந்த ரொட்டித் துண்டுக்கு வருவோம்.

1939ஆம் ஆண்டு ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்தது. பசியின் ஆண்டுகள் தொடங்கின. உணவுப் பங்கீட்டு அட்டை 1952ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்தது. வெள்ளை ரொட்டி அரிதாயிற்று. சாக்லெட் என்ற பெயரில் கிடைத்ததில் கொக்கோ குறைவாகவும் கரோப் என்னும் நெற்றின் மாவு அதிகமாகவும் இருந்தது; பல்லில் மணல் போல நெருடும் என்று அக்காலத்து மக்கள் கூறுவர். ரொட்டியின் மேல் எண்ணெயும் சர்க்கரையும் தூவிக் கொடுப்பதும், ஓரிரு சாக்லெட் சில்லுகளை வைத்துக் கொடுப்பதும் அன்றைய தாய்மார்களின் சாமர்த்தியம். சாக்லெட் சிறியது, ரொட்டி பெரியது. ஒவ்வொரு கடியிலும் சிறிதளவே சாக்லெட் வருமாறு பிள்ளைகள் கணக்கிட்டு உண்டனர். இல்லாமையில் பிறந்த பண்டம் இது.

1950ஆம் ஆண்டு முதல் 1975ஆம் ஆண்டு வரை ஆந்தலூசியா, முர்சியா, எஸ்த்ரமாதுரா முதலிய ஸ்பெயினின் பிற பகுதிகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பிழைப்புத் தேடிக் காத்தலோனியாவுக்கு வந்தனர். செவிலியானோ எனப் பெயர் பெற்ற ரயிலில், அட்டைப் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஒரு நாளுக்கும் அதிகமாகப் பயணம் செய்து பிரான்சு நிலையம் என்னும் ரயில் நிலையத்தில் இறங்கினர். வேலையும் தங்க இடமும் உறுதியில்லாமல் வந்தவர்களை அதிகாரிகள் பிடித்து, மொன்ஜுயிக் குன்றிலிருந்த ஒரு கட்டடத்தில் அடைத்து, மறு ரயிலில் சொந்த ஊருக்கே அனுப்பிய காலமும் உண்டு. தங்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே இப்படி நடத்தப்பட்டனர் என்பதை நாம் மறக்கலாகாது.

தப்பித் தங்கியவர்கள் குன்றுச் சரிவிலும் கடற்கரையிலும் குடிசைகள் போட்டனர். சொமொரோஸ்த்ரோ என்னும் கடற்கரைக் குடிசைப் பகுதி 1966ஆம் ஆண்டு வரை இருந்தது. கடல் சீறும் இரவுகளில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். இன்று அதே இடத்தில் சுற்றுலாப் பயணிகள் வெயில் காய்கின்றனர். வந்தவர்களைப் பற்றி, தாமும் சிறுவயதில் வேறிடத்திலிருந்து வந்து குடியேறியவரான பிரான்செஸ்க் காந்தெல் 1964ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் "மற்றக் காத்தலோனியர்" என்பதாகும். அந்தத் தலைப்பே ஒரு வாதம். வேறு மொழி பேசி வந்தவர்களும் இவ்வூராரே என்பதை அது உரத்துக் கூறியது.

புதியவர்களின் பிள்ளைகளும் பழையவர்களின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் அமர்ந்தனர். மாலையில் இருவர் கையிலும் ஒரே ரொட்டியும் சாக்லெட்டும் இருந்தன. ஊரை விட்டு மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் சூரத்துக்கும் வந்து, புதிய மொழிக்கு நடுவே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரின் மொழி நம் நாவுக்கு வருமுன்னே அவர்களுடைய பலகாரம் நம் பிள்ளைகளின் நாவுக்கு வந்துவிடுகிறது அல்லவா?

மேலே தூவப்படும் ஊர்கள்

இப்பண்டத்தின் மேல் தூவப்படும் ஒவ்வொன்றுக்கும் காத்தலோனியாவில் ஓர் ஊர் உண்டு. நேரம் இருப்பின் நகரை விட்டு வெளியே சென்று அவற்றையும் காணலாம்.

உப்பு என்றால் கார்தோனா. பார்சிலோனாவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், கோட்டையின் அடிவாரத்தில் ஓர் உப்பு மலை நிற்கிறது. கற்காலத்திலிருந்தே மக்கள் இங்கே உப்பு வெட்டியுள்ளனர். சுரங்கம் 1990ஆம் ஆண்டு மூடப்பட்டது. இப்போது பயணிகள் 86 மீட்டர் ஆழம் வரை சென்று வெள்ளையும் சிவப்புமான உப்பு வரிகளைக் காண்கின்றனர். உண்பதற்கான கடலுப்போ தெற்கே எப்ரோ ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்து உப்பளங்களில் விளைகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைக் கண்டவர்களுக்கு அந்த வெண்பாத்திகள் அந்நியமாகத் தோன்றா.

எண்ணெய் என்றால் லெஸ் கரீகெஸ். மழை குறைந்த, கல் நிறைந்த இந்நிலத்தில் அர்பெக்கினா என்னும் சிறிய ஆலிவ் வகை விளைகிறது. காய் சிறிதாயினும் எண்ணெய் மென்மையானது. பச்சை வாதுமையின் மணமும் மெல்லிய இனிமையும் கொண்டது. கசப்பான சாக்லெட்டுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

பருப்பு என்றால் ரேயுஸ். கட்டடக் கலைஞர் கௌதியின் பிறப்போடு தொடர்புடைய இவ்வூரின் சுற்றுப்புறத்தில் ஹேசல் பருப்பு விளைகிறது. அதை வறுத்து நொறுக்கித் தூவுவர். காத்தலோனியச் சமையலில் பருப்பும் பூண்டும் வறுத்த ரொட்டியும் சேர்த்து உரலில் இடிக்கும் பிக்காதா என்னும் ஒரு கலவை உண்டு. முயல் கறியிலும் கடல் இறாலிலும் சேரும் அக்கலவையில் சில வேளைகளில் ஒரு துண்டுக் கருஞ்சாக்லெட்டையும் இடிப்பர். ஆகவே சாக்லெட்டையும் உப்பையும் சேர்ப்பது அம்மக்களுக்குப் புதிதன்று.

உப்பு ஏன்?

நாவின் மீது உப்பு செய்யும் வேலையை அறிவியலும் உறுதி செய்துள்ளது. உப்பிலுள்ள சோடியம் கசப்பை உணரும் தன்மையைக் குறைக்கிறது. கசப்பு அடங்கும்போது மறைந்திருந்த இனிப்பு தானே மேலெழுகிறது என்பதை 1997ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நம் வீடுகளில் பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடும் பாட்டிமார்கள் இதை என்றோ அறிந்திருந்தனர்.

மற்றொன்றும் உண்டு. குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே உண்ணலாகாது. சாக்லெட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் நம் உடலின் வெப்பத்துக்குச் சற்றுக் குறைவான சூட்டில், ஏறத்தாழ 34 பாகையில் உருகும். சிறிது குளிர் தணிந்தபின் வாயில் இட்டால் அது நாவில் படிந்து கரையும். மணமும் முழுமையாக வெளிப்படும்.

உங்கள் சமையலறையில்

இதற்கு அடுப்புப் பெட்டி வேண்டியதில்லை, முட்டையும் வேண்டியதில்லை. கேஸ் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் போதும். ஆறு பேருக்கான அளவு கீழே தரப்பட்டுள்ளது.

தேவையான பொருட்கள்:

கருஞ்சாக்லெட் – 200 கிராம் (60 விழுக்காட்டுக்குக் குறையாத கொக்கோ உள்ளது)
ஃப்ரெஷ் கிரீம் – 250 மில்லி
பால் – 50 மில்லி
சர்க்கரை – 1 மேசைக்கரண்டி (விரும்பினால்)
பிரெட் அல்லது பாவ் – 3
ஆலிவ் எண்ணெய் – 3 தேக்கரண்டி
கல் உப்பு – சிறிதளவு
வறுத்த முந்திரி அல்லது வேர்க்கடலை – ஒரு கைப்பிடி
ஆரஞ்சுத் தோல் – சிறிதளவு

செய்முறை:

முதலில் சாக்லெட்டை வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பின் அது "காம்பவுண்ட்" எனப்படும் மலிவு வகை. அது இறுகும், ஆனால் வாயில் மெழுகு போல நிற்கும். சாக்லெட்டைக் கத்தியால் பொடிப்பொடியாகச் சீவி, ஈரமில்லாத பாத்திரத்தில் போடுங்கள்.

கிரீமையும் பாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். ஓரங்களில் குமிழி தோன்றியவுடன் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பெட்டியில் வரும் கிரீம் திரிந்துபோகக் கூடும். இதைச் சாக்லெட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கிளறாமல் வைத்திருங்கள். பின்பு நடுவிலிருந்து தொடங்கி, மெதுவாக வட்டமாகக் கிளறிக்கொண்டே வெளிப்புறம் வாருங்கள். சில நிமிடங்களில் கலவை கண்ணாடி போலப் பளபளக்கும். எண்ணெய் பிரிந்து திரிதிரியாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி விட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும்.

சிறு கிண்ணங்களில் ஊற்றி, மூடி, மூன்று மணி நேரம் குளிர வையுங்கள். மூட மறந்தால் பெட்டியிலுள்ள வெங்காய மணத்தையும் மீன் மணத்தையும் சாக்லெட் ஈர்த்துக்கொள்ளும்.

பிரெட்டை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, தோசைக்கல்லில் எண்ணெயின்றி மொறுமொறுப்பாக வாட்டுங்கள். ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியை நீக்கி, மெல்லிய இழைகளாக நறுக்கி, இருமுறை வேகவைத்து நீரை வடித்து, சிறிது சர்க்கரைப் பாகில் புரட்டி எடுங்கள். கல் உப்பை உரலில் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், பொடியாகிவிடக் கூடாது. பொடியுப்பு உடனே கரைந்து கரிக்கும்; பரல் உப்பு பல்லில் படும்போது மட்டும் சுவைக்கும்.

பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு கிண்ணங்களை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் அரைத் தேக்கரண்டி எண்ணெய், நான்கைந்து உப்புப் பரல்கள். அவ்வளவே. இனிப்பு விரும்பும் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு இழைகளும், மொறுமொறுப்பு விரும்புவோருக்குப் பருப்பும் தூவலாம். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்று தோன்றினால் எண்ணெயை விட்டுவிடுங்கள். உப்பையும் ரொட்டியையும் மட்டும் விடாதீர்கள். நல்லெண்ணெயின் மணம் இதனோடு பொருந்தாது.

உப்பிட்டவரை நினைப்போம்

அன்பானவர்களே, கொக்கோவின் கசப்பு இன்னும் தீர்ந்துவிடவில்லை. உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேற்பட்டது ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வறிக்கையின்படி, அவ்விரு நாடுகளிலும் 15 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் கொக்கோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தனர். காய்களை வெட்டிப் பிளக்கும் கத்தியைப் பிடித்த அச்சிறு கைகளில் பல, செய்து முடித்த சாக்லெட் ஒன்றை ஏந்தியதேயில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோவின் விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. ஆனால் அந்நாடுகளில் விளைச்சலுக்கான விலையைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அரசு நிர்ணயித்துவிடுவதால், அந்த உயர்வு விவசாயியின் கைக்கு அப்படியே வந்து சேரவில்லை.

நாம் செய்யக் கூடியது சிறிது. ஆயினும் அது ஒன்றுமில்லாதது அன்று. வாங்கும் சாக்லெட் எங்கே விளைந்தது என்பதை உறையில் தேடிப் பாருங்கள். பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளிலும் கேரளத்தின் இடுக்கி மலைகளிலும் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. விளைந்த தோட்டத்தின் பெயரையே உறையில் அச்சிட்டு விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் இப்போது நம் நாட்டிலும் உள்ளனர். அவற்றின் விலை சற்று அதிகம். மாதத்துக்கு நான்கு வாங்கும் இடத்தில் ஒன்று வாங்கி, பார்சிலோனாவின் தாய்மார்கள் செய்தது போல, பெரிய ரொட்டியின் மேல் சிறிய சாக்லெட்டாகப் பகிர்ந்து உண்ணலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. கியூபாவின் கரும்புக் கொல்லையில் உழைத்தவரும், பெர்னாண்டோ போ தீவுக்குக் கப்பலேற்றப்பட்டவரும், செவிலியானோ ரயிலில் அட்டைப் பெட்டியோடு வந்திறங்கியவரும் இந்தச் சிறு கிண்ணத்தில் பங்குடையவர்களே. பிள்ளைகளோடு அமர்ந்து இதை உண்ணும் மாலையில் அவர்களுடைய கதையையும் சொல்லுங்கள். உங்கள் குடியிருப்பில் இந்த மாதம் புதிதாக வந்து, இன்னும் யாரையும் அறியாத குடும்பம் ஒன்று இருக்கக் கூடும். ஆறு கிண்ணங்களில் ஒன்றை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.